கரப்பான் பண்டம்

ஓர் உண்மையைச் சொல்லி ஆரம்பித்துவிடுகிறேன். நான் பி.காம். படித்ததற்குக் காரணம் கரப்பான் பூச்சி.

அந்தக் காலத்து ப்ளஸ் டூவில் சயின்ஸ் குரூப் எடுத்தால், லேபில் கரப்பான் பூச்சியை மெழுகுத் தட்டில் குத்திவைத்து அறுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் அதற்காக ராத்திரியெல்லாம் பாத்ரூமில் காவல் இருந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாலைந்தைப் பிடித்துக்கொண்டு போவார். பாட்டிலுக்குள் மீசைகள் அசைந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்த அன்றே முடிவெடுத்துவிட்டேன். நமக்கு டெபிட், கிரெடிட் போதும். அதற்கு மீசை கிடையாது.

கால் நூற்றாண்டு கழித்து அந்தக் கரப்பான் பூச்சி என்னைத் தேடி வந்தது. இறால் வேஷத்தில்!

2022-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மைத்துனர் வீட்டில் விருந்து. அவர் மனைவி வைக்கும் இறால் தொக்குக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு ரசிகர் மன்றமே உண்டு, நான்தான் தலைவர். இரண்டாவது தடவை சாதத்தில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோது உதடு அரித்தது. பிறகு உள்ளங்கை. காது மடல் சூடானது. கண்ணாடியில் பார்த்தால், கழுத்தெல்லாம் யாரோ சிவப்பு மையில் மேப் வரைந்த மாதிரி தடிப்புகள். ''காரம் ஜாஸ்தியோ?'' என்றார் மைத்துனர். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தொண்டைக்குள் யாரோ கயிற்றைப் போட்டு மெதுவாக இறுக்குகிறார்கள்.

மாமியார் வெற்றிலையும் மிளகும் எடுக்க ஓடினார். என் பெண்தான் கார் சாவியை எடுத்தாள். நல்லவேளை, தெருமுனையில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோம் இருந்தது. டியூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கேள்வியே இல்லை. படுக்க வைத்து, தொடையில் ஓர் ஊசி. கையில் டிரிப்ஸ். பத்து நிமிஷத்தில் கயிறு தளர்ந்தது. மூச்சு என்பது எவ்வளவு ருசியான பதார்த்தம் என்பது அன்றுதான் தெரிந்தது.

''சின்ன வயசிலேர்ந்து இறால் சாப்பிடறேனே டாக்டர்...''

''ஒடம்புக்கு அதெல்லாம் கணக்கில்ல சார். ஒரு நாள் அதை எதிரின்னு முடிவு பண்ணிடும். இறால் அலர்ஜி நிறையப் பேருக்குப் பெரியவங்க ஆனப்புறம்தான் வரும். இதுக்கு முன்னாடி லேசா ஏதாவது இருந்திருக்குமே?''

இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் இரண்டு தடவை உதடு அரித்தது. மிளகாய்த்தூள் மேல் பழி போட்டுவிட்டு, மூன்றாவது இறாலை எடுத்துக்கொண்டவன் நான்.

அடுத்த கேள்விதான் எனக்குப் புரியவில்லை. ''காலைல எழுந்தா தும்மல் வருமா? வீட்ல கரப்பான் பூச்சி இருக்கா?''

''தும்மல் ஸ்கூல் நாள்லேர்ந்து உண்டு. கரப்பான் பூச்சி... எந்த வீட்ல இல்ல? ஆனா, நான் அதைச் சாப்பிடலையே டாக்டர்!''

அவர் சிரித்தார். ''சாப்பிட வேண்டாம் சார். ரெண்டும் ஒரே குடும்பம்.''

அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. டிஸ்சார்ஜ் ஆன மறுநாளிலிருந்து, ப்ளஸ் டூவில் நான் தப்பித்து ஓடிவந்த அந்த விலங்கியலைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குச் செரிக்காது.

இறால், நண்டு, சிங்கி இறால், கரப்பான் பூச்சி, தேள், சிலந்தி, பூரான்... எல்லாம் கணுக்காலிகள் என்கிற ஒரே பெரிய வம்சம். நம் எலும்பு உள்ளே, சதை வெளியே. அவர்களுக்குத் தலைகீழ்: கவசம் வெளியே, சதை உள்ளே. கால்களெல்லாம் கணுக்கணுவாக மடங்கும். கவசம் வளராது என்பதால், உள்ளே இருக்கும் ஆள் வளர்ந்ததும் பழைய சட்டையைக் கழற்றிப் போட்டாக வேண்டும். நண்டு சட்டை உரிப்பதை வீடியோவில் பாருங்கள். பின்பக்கம் ஒரு பிளவு விட்டு, அதன் வழியாகக் கால், கொடுக்கு, கண்ணின் மேலுறை உட்பட ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வெளியே வரும். வயிற்றின் உள் ஓரத்தைக்கூட விடாமல் உரித்துப் போட்டுவிடும். புதுச் சட்டை இறுகும் வரை உடம்பு பஞ்சு மாதிரி. எந்த மீனும் விழுங்கலாம். ஒவ்வொரு முறை வளர்வதற்கும் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்.

கடலுக்குள் இந்த வம்சம் போடாத வேஷம் இல்லை. ஜப்பான் பக்கம் ஆழ்கடலில் ஒரு சிலந்தி நண்டு; காலை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு சுமார் 12 அடி. நம் வீட்டு ஹாலில் விட்டால் சோபாவுக்கு இடம் இருக்காது. இன்னொரு பக்கம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும் மில்லிமீட்டர் அளவு கோப்பிபாடுகள். கடலின் சின்ன மீன்களுக்கெல்லாம் அவைதான் அரிசிச் சோறு. அன்டார்க்டிக் கடலில் விரல் நீளத்துக்கு கிரில் என்று ஓர் இறால் ஜாதி. அந்த ஒரே ஓர் இனத்தின் மொத்த எடை 30 கோடி டன்னுக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். உலக மக்கள் அத்தனை பேரையும் தராசில் ஏற்றினால் வரும் எடைக்கு அது பக்கத்தில் நிற்கிறது. நீலத் திமிங்கிலம் அத்தனை பெரிதாக வளர்வது இதைத் தின்றுதான்.

அடிதடி ஆசாமிகளும் உண்டு. 'மான்டிஸ் ஷ்ரிம்ப்' என்று ஒன்று. தன் முன்னங்காலைச் சம்மட்டி மாதிரி வீசி, சிப்பிகளை உடைத்துத் தின்னும். அந்த வீச்சின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று 2004-ல் அளந்திருக்கிறார்கள். அசையாத சந்நியாசியும் உண்டு. படகின் அடியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒட்டிக்கிடக்கிறதே, பார்னக்கிள், அதுவும் இறாலுக்குச் சொந்தம்தான். குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரிந்து, இடம் பார்த்து, தலையைக் கீழே ஒட்டவைத்துக்கொண்டு, சுற்றிலும் வீடு கட்டி, வாழ்நாள் முழுக்கக் காலை ஆட்டி ஆட்டியே சாப்பிடும். சார்லஸ் டார்வின் இந்த ஒரே பிராணியோடு 1846-லிருந்து எட்டு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார். அப்பா என்றால் வீட்டில் உட்கார்ந்து பார்னக்கிள் அறுப்பவர் என்றே பழகிப்போன அவர் குழந்தைகளில் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, அவர் எந்த ரூமில் பார்னக்கிள் வேலை செய்வார் என்று கேட்டதாம்!

சரி, இதற்குள் கரப்பான் பூச்சி எங்கே வந்தது?

இறாலையும் நண்டையும் ஓர் அலமாரியில், பூச்சிகளை வேறு அலமாரியில் வைத்துத்தான் ரொம்ப காலம் பாடம் நடத்தினார்கள். மரபணுக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ஆரம்பித்ததும் அலமாரி உடைந்தது. 2010-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அதை அழுத்தமாகச் சொன்னது. பூச்சிகள் தனி ஜாதி இல்லை. இறால், நண்டு வம்சத்திலிருந்தே ஒரு கிளை பிரிந்து கரையேறியிருக்கிறது. ஆக, வீட்டு சிங்க்குக்கு அடியில் திரிகிற அந்த மீசைக்காரர், கரைக்குக் குடிவந்த இறாலின் பங்காளி. ஒன்றைப் பார்த்தால் அலறுகிறோம். இன்னொன்றைக் கிலோ இவ்வளவு என்று பேரம் பேசுகிறோம்.

பங்காளிகளுக்குப் பொதுச் சொத்து இருக்கும் அல்லவா? இங்கே அது ட்ரோப்போமயோசின் என்கிற தசைப் புரதம். இறாலில் இருக்கிறது, நண்டில் இருக்கிறது, கரப்பான் பூச்சியில் இருக்கிறது, தலையணைத் தூசியில் வாழும் உண்ணிகளிலும் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரே அச்சு. இறால் அலர்ஜிக்காரர்களில் பெரும்பாலோருடைய உடம்பு முறைத்துக்கொள்வது இதனோடுதான். சமைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். கொதிக்கும் தொக்கிலும் அது அசையாது. அடுப்பிலிருந்து வரும் ஆவியே சிலருக்குப் போதும்.

2003-ல் வந்த ஓர் ஆய்வு சுவாரஸ்யமானது. இறாலும் நண்டும் மதக் கட்டுப்பாட்டால் விலக்கப்பட்ட உணவு என்பதால், வாழ்நாளில் அதைத் தொட்டே பார்க்காத வைதீக யூதர்கள் சிலரின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். தூசி உண்ணி அலர்ஜி இருந்த அவர்களின் ரத்தத்தில், இறால் புரதத்துக்கு எதிரான படை தயாராக நின்றது! சாப்பிடாத இறாலுக்கு எப்படி எதிர்ப்பு? மூக்கு வழியாகப் போன தூசிதான் பாடம் எடுத்திருக்கிறது. என் காலைத் தும்மலுக்கும் மைத்துனர் வீட்டுத் தொக்குக்கும் நடுவே அந்த டாக்டர் கோடு போட்டது இதனால்தான்.

இந்த இடத்தில் என் பாட்டி ஞாபகம் வருகிறார். உடம்பில் சொறி, சிரங்கு, படை எது வந்தாலும் அவர் முதலில் நிறுத்துவது இறால், நண்டு, கருவாடு, கத்தரிக்காய். ''அது கரப்பான் பண்டம்டா, தொடாதே'' என்பார். தோலில் வரும் அரிப்பு நோய்க்குக் கரப்பான் என்று பெயர். அதைக் கிளப்பிவிடும் சாப்பாடு கரப்பான் பண்டம். பூச்சிக்கும் அதே பெயர் இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். பாட்டி மரபணு படித்தவர் இல்லை. ஆனால், 'கரப்பான்' என்று அவர் விலக்கிய தட்டில் கரப்பானின் பங்காளிதான் உட்கார்ந்திருந்தது என்று நினைக்கும்போது, படுக்கையில் எழுந்து உட்கார்ந்து கும்பிடத் தோன்றியது.

கதை இதோடு முடிந்திருந்தால், 'இனி இறால் சாப்பிட மாட்டேன்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால், அன்று என் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கியதே டிரிப்ஸ், அதைப் பற்றிப் படிக்கப் போனவன் இன்னொரு பங்காளி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

ஊசி மருந்தைக் கொதிக்கவைத்துக் கிருமியைக் கொன்றுவிடலாம். ஆனால், சில ரகக் கிருமிகள் செத்த பிறகும், அவற்றின் மேலுறைத் துணுக்குகள் மருந்திலேயே தங்கிவிடும். அது ரத்தத்தில் நேராகக் கலந்தால் குளிர் ஜுரம். அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்க, மருந்தை முயலுக்கு ஏற்றிவிட்டு, ஜுரம் வருகிறதா என்று மணிக்கணக்கில் தெர்மாமீட்டரோடு காத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் ஃபிரடெரிக் பேங் என்ற விஞ்ஞானி, குதிரை லாட நண்டின் உடம்பில் ஒரு கிருமியைச் செலுத்திப் பார்த்தார். அதன் ரத்தம் அல்வா மாதிரி உறைந்துவிட்டது. 1956-ல் இதை எழுதினார். பிறகு, ஜாக் லெவின் என்ற டாக்டரும் அவரும் சேர்ந்து, அந்த ரத்த அணுக்களைப் பிழிந்த சாறே போதும், கிருமித் துணுக்கு இம்மியளவு இருந்தாலும் அது உறைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று கண்டுபிடித்தார்கள். 1977-ல் அமெரிக்க அரசு இந்தச் சோதனையை அங்கீகரித்தது. அன்றிலிருந்து உலகம் முழுக்க ஊசி மருந்து, டிரிப்ஸ், தடுப்பூசி, உடம்புக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் என்று பெரும்பாலானவற்றுக்குப் பாஸ் மார்க் போட்டது அந்த ரத்தம்தான். கொரோனா சமயத்தில் கோடிக்கணக்கில் தயாரான தடுப்பூசிகளுக்கும் அதே பரீட்சைதான்.

பெயரில்தான் நண்டு. உறவு முறையில் இது தேள், சிலந்தி பக்கம். ஹெல்மெட்டைக் கவிழ்த்து, பின்னால் ஓர் ஈட்டி செருகினால் எப்படி இருக்கும்? அதுதான் உருவம். கால்களுக்கு நடுவே வாய். கடித்தோ கொட்டியோ யாருக்கும் தீங்கு செய்யத் தெரியாது. இதன் மூதாதையரின் படிமங்கள் 44 கோடி வருஷத்துக்கு முந்தையவை. டைனோசர்களெல்லாம் நேற்றுப் பயல்கள். ரத்தம் நீல நிறம். நம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சுமக்க இரும்பு, இதற்குத் தாமிரம்.

அந்த நீல ரத்தத்தை எப்படி எடுக்கிறார்கள்? கடலிலிருந்து பிடித்து வந்து, கழுவி, வரிசையாக ஸ்டாண்டில் மாட்டி, முதுகு ஓட்டின் மடிப்பில் ஊசி ஏற்றி, பாட்டிலில் வடிப்பார்கள். மூன்றில் ஒரு பங்கு ரத்தம் போனதும் அமெரிக்காவில் திரும்பக் கடலில் விட்டுவிடுகிறார்கள். விட்டதில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரை செத்துவிடுவதாக மதிப்பீடுகள். ரத்த தானம் என்கிறார்கள் சிலர். தானம் என்றால் கொடுப்பவருக்குச் சம்மதம் இருக்க வேண்டாமா?

உலகத்தில் மொத்தமே நாலு வகைக் குதிரை லாட நண்டுகள்தான். பிறந்து பெரியதாகிக் குடும்பம் நடத்தவே பத்து வருஷம் பிடிக்கும். ரத்தத்துக்கு மட்டுமில்லாமல், தூண்டில் இரைக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்ததில், முட்டையிடும் மணற்கரைகளைக் கட்டடங்களும் கல் சுவர்களும் விழுங்கியதில், எண்ணிக்கை சரிந்துகொண்டே வருகிறது. சீனா, ஜப்பான் கரைகளில் இருக்கும் வகையை 2019-ல் அழியும் ஆபத்தில் உள்ளதாக அறிவித்தார்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங் என்ற பெண் விஞ்ஞானியும் அவர் கணவர் ஹோ போவும், சதுப்புநிலத்தில் வாழும் குதிரை லாட நண்டின் ஒரே ஒரு மரபணுவை எடுத்து, ரத்தமே இல்லாமல் அந்தச் சோதனைப் பொருளை லேபில் தயாரிக்க வழி கண்டுபிடித்தார்கள். 2003-லேயே அது விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால், மருந்து உலகம் பழைய செக்கையே சுற்றிக்கொண்டிருந்தது. ஐரோப்பிய மருந்து விதிகளில் அதற்கு 2021-ல்தான் தனி இடம் கிடைத்தது. அமெரிக்க விதிப்புத்தகத்தில் 2025 மே மாதம். விதி வந்துவிட்டது என்பதற்காக மறுநாளே எல்லோரும் மாறிவிட மாட்டார்கள். பழக்கமும் ஒரு கவசம்தான். வளர்வதற்குக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

2023-ல் பத்திரிகை வேலையாக ஒடிசாவின் பாலசோர் பக்கம் போனேன். அங்கே சாந்திபூர் என்றால், நம்மவர்களுக்கு ஏவுகணைச் சோதனைதான் ஞாபகம் வரும். ஆனால், அந்தக் கடற்கரையின் அதிசயம் வேறு. தினம் இரண்டு தடவை கடல் பின்வாங்கிக் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போய்விடும். கடல் இருந்த இடத்தில் நீங்கள் நடந்து போகலாம். இந்தியாவில் குதிரை லாட நண்டு முட்டையிட வரும் கரைகளில் அதுவும் ஒன்று.

காலை ஏழு மணி இருக்கும். ஈர மணலில் கொஞ்ச தூரம் நடந்திருப்பேன். கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரி ஏதோ கிடந்தது. கிட்டே போனால், கவிழவில்லை, மல்லாந்து கிடந்தது. அலை புரட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். கால்கள் ஆகாயத்தில் நடந்துகொண்டிருந்தன. வால் ஈட்டியை மணலில் ஊன்றி எம்பிப் பார்க்கிறது, புரள முடியவில்லை. வெயில் ஏற ஏறச் செவுள் காய்ந்துவிடும். இல்லாவிட்டால் காக்கை பார்த்துக்கொள்ளும்.

உங்களிடம் மறைப்பதற்கு என்ன? முதலில் பின்னால்தான் நகர்ந்தேன். அத்தனை கால்கள்! ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது. பிறகு, தொடையில் ஏறிய ஊசி ஞாபகம் வந்தது. கையில் இறங்கிய டிரிப்ஸ். திரும்ப வந்த மூச்சு. வாழ்நாளில் கரெக்டாக எழுதிய ஒரே பரீட்சை அக்கவுண்டன்ஸி. வரவு ஒரு பக்கம் இருந்தால் பற்று இன்னொரு பக்கம் இருந்தாக வேண்டும். அந்த இனத்துக்கும் எனக்குமான பேரேட்டில் என் பக்கம் காலியாக இருந்தது.

வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று படித்திருந்தேன். குனிந்து, ஓட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் திருப்பி வைத்தேன். சில்லென்று இருந்தது. ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தது. அப்புறம் மணலில் கோடு இழுத்தபடி, தண்ணீர் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லாமலே, கடலைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

இதனால் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அசல் அப்படியே இருக்கிறது. வட்டியில் ஒரு ரூபாய் கட்டியிருக்கிறேன்.

உங்களுக்கு ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். இறாலோ நண்டோ சாப்பிட்டு உதடு அரித்தால், மிளகாய்த்தூளைத் திட்டாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். தடிப்போடு மூச்சும் திணறினால், மாத்திரை போட்டுப் படுத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே ஊசி போடும்போது, வலித்தால் முகத்தைச் சுளித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால், அந்த மருந்து உங்கள் ரத்தத்தில் பயமில்லாமல் கலப்பதற்கு, எங்கோ ஒரு கடற்கரையில் இன்னொரு ரத்தம் வடிந்திருக்கக் கூடும் என்பதை ஒரு விநாடி நினைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டு சிங்க்குக்கு அடியில் கரப்பான் பூச்சி இன்னும் இருக்கிறது. பார்த்தால் இன்றைக்கும் அலறுகிறேன். என்ன, இப்போதெல்லாம் 'பங்காளி வந்திருக்கான்' என்று அலறுகிறேன்.